மெலாத்தியை இழுத்த பாட்டு

நத்தைத்துறையில் கடலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பாட்டு துணி உலர்த்தும் கொடியாகக் கட்டிக் கிடந்த காலத்தில், அதில் முதன்முதலாக ஈரச் சேலையைக் காயப்போட்டவள் தான்தான் என்று உச்சிமாகாளி சொல்லுவாள், இல்லை நான்தான் என்று மீராள் மாமி சொல்லுவாள். இரண்டு பேரும் சேர்ந்தே போட்டிருப்பார்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் ஒருவர் ஒரு காரியத்தைச் செய்ய மற்றவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததாகச் சரித்திரமே கிடையாது. எல்லோரும் ஒரே காரியத்தை ஒரே நேரத்தில் ஆரம்பித்து, அவரவர் வேகத்தில், அவரவர் கோணத்தில் செய்து, நடுவில் நாலு சண்டை போட்டு, கடைசியில் எப்படியோ ஒரே இடத்தில் வந்து நிற்போம்.

அந்தப் பாட்டு மெலாத்தியோடு வந்தது. மெலாத்தி என்றால் ஜாவாக்காரர்கள் பாஷையில் மல்லிகை என்று அர்த்தமாம். துரு ஏறிய அந்தச் சரக்குக் கப்பலுக்கு அப்படிப் பெயர் வைத்தவர் நல்ல குசும்புக்காரராக இருக்க வேண்டும். ஓர் ஐப்பசிப் புயலில் திசை தப்பி வந்து, எங்கள் தூண்டில் வளைவுக்கு உள்பக்கம், கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், மணல் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தூண்டில் வளைவு என்பது அலை கரையை அரிக்காமலிருக்கக் கடலுக்குள் பாறைகளைக் கொட்டி வளைத்துப் போட்ட பாதை. அதன் நுனிக்கு அப்பால் நல்ல ஆழம், எந்தக் கப்பலும் மிதக்கும், இந்தப் பக்கம் வெறும் மணல். துறைமுகத்திலிருந்து வந்த இழுவைக் கப்பல் ஆழத்திலேயே நின்றுகொண்டு இரும்புவடத்தை வீசி இழுத்துப் பார்த்தது. வடம் அறுந்ததுதான் மிச்சம்.

கப்பல் முதலாளி முதலில் போனை எடுக்கவில்லை, பிறகு அப்படி ஒரு போனே இல்லை என்று போன் சொன்னது. அதிகாரிகள் வந்து மாலுமிகளை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள், ஆனால் கப்பல் மிதந்து துறைமுகத்தில் கட்டப்படும்வரை காவலுக்கு ஓர் ஆள் அதிலேயே இருந்தாக வேண்டும், அவர் கால் கரையில் படக் கூடாது, அதுதான் சட்டம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். யார் இருப்பது என்று மாலுமிகள் யோசித்து, சமைக்கத் தெரிந்தவன் எப்படியும் பட்டினி கிடக்க மாட்டான் என்ற நியாயத்தில் சமையல்காரர் சுகார்ஜோவை விட்டுவிட்டுப் போனார்கள்.

சுகார்ஜோ ஐம்பது வயதுக்காரர், குள்ளம், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். கோயில் தெருவில் அவருக்கு சுகு அண்ணாச்சி என்று பெயர், பள்ளிவாசல் தெருவில் சுக்கூர் காக்கா, மாதா கோவில் தெருவில் சுகாரண்ணன், எல்லாப் பெயருக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார். காலையும் மாலையும் தளத்தில் அடுப்பை மூட்டிக்கொண்டு ஒரு பாட்டைப் பாடுவார், அவர் ஊரில் அறுவடைக்குப் பாடுகிற பாட்டு என்று பிறகு சொன்னார். கரையில் கருவாடு காயப்போட வந்த பெண்களுக்கு அது காதில் விழுந்து, வாயில் ஒட்டிக்கொண்டது. மீராள் மாமி அதைத் தன் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டோடு சேர்த்துக் குட்டிக்குட்டிச் சுழிப்புகள் வைத்துப் பாடினாள். உச்சிமாகாளி அதைக் கும்மிப் பாட்டாக நினைத்து, எல்லோரும் முடித்த பிறகு ஆற அமர வந்து முடித்தாள். சவரக்கடை தொம்மை அதை மூக்காலேயே பாடினார். மாதா கோவில் தெருப் பெண்களோ தவக்காலத்தில் புலம்பல் பாடுகிறமாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். ஆனாலும் அது ஒரே பாட்டுத்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இப்படிக் கரையும் கப்பலும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், மெலாத்தியின் முன்தளத்திலிருந்து தூண்டில் வளைவின் நுனிவரை அந்தப் பாட்டு நெஞ்சுயரத்தில் விரைப்பாகக் கட்டிக் கிடந்தது. உச்சிமாகாளி கையை வைத்துப் பார்த்தாள், பிறகு சேலையைப் போட்டாள். அல்லது மீராள் மாமி போட்டாள்.

ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசினோம், அப்புறம் அதை வேலைக்கு வைத்துக்கொண்டோம். ஒரு கப்பியை மாட்டிக் கூடையைத் தொங்கவிட்டு, சுகார்ஜோவுக்குச் சாப்பாடு அனுப்ப ஆரம்பித்தோம். பெருநாளுக்குப் பிரியாணி போனது, கிறிஸ்துமஸுக்குக் கேக் போனது, அம்மன் கோயில் கொடைக்குச் சர்க்கரைப் பொங்கல் போனது, அவர் போனுக்குச் சார்ஜ் போட்ட பேட்டரி தினமும் போனது, அங்கிருந்து தேங்காய்ப்பால் ஊற்றிய என்னென்னவோ வந்தது. மின்சார வாரிய லைன்மேன் ஒருவர் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்து, கரண்டு இல்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று டீ குடித்துவிட்டுப் போனார். காக்கைகள் மட்டும் கடைசிவரை அதில் உட்காரவில்லை, அதற்கு என்ன காரணம் என்று யாருக்கும் தெரியாது.

அதன் குணமும் எங்களுக்குப் பழகிவிட்டது. கத்தியை வைத்தால் கத்தி காற்றில் போவதுபோலப் போகும். கைக்குத்தான் அது கயிறு. ஒருவர் பாடினால் நூல் கனம், நாலு பேர் பாடினால் சணல், ஊர் பாடினால் தேர்வடம். பாடாத நேரத்திலும் யாராவது ஒருவர் எங்காவது முனகிக்கொண்டிருந்தால் போதும், அறுந்துபோகாது. எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? மாவாட்டுகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று யார் வாயிலாவது அது இருந்துகொண்டே இருந்தது.

இந்தப் பாட்டைப் பிடிக்காத ஆள் ஊரில் ஒருவர்தான், அவர் பிரகாசி டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், மாதா கோவிலில் பாடகர் குழுவுக்குத் தலைவி, எலும்பும் தோலுமாக நெடுநெடுவென்று இருப்பாள், கையில் எப்போதும் ஓர் அடிஸ்கேல். பாடும்போது குழைகிறவர்களையும் இழுக்கிறவர்களையும் கண்டால் அவளுக்கு ஆகாது. புலம்பல் பாட்டைக்கூட நிமிர்த்திப் பாடவைத்த சாதனை அவளுடையது; மறைமாவட்டப் போட்டியில் அவள் குழு பாடியதைக் கேட்டு, நாற்பது பேர் பாடினாலும் ஒரே ஆள் பாடுவதுபோல இருந்தது என்று நடுவர் சொல்லிப் பரிசு கொடுத்ததை இன்றைக்கும் கண் கலங்கச் சொல்லுவாள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள் அவள். அவளுக்கு அந்தக் குழுதான் வீடு, அந்தப் பரிசுதான் பிள்ளை. கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம், “மூணு தெருவும் சேந்து ஒரு பாட்டை இப்படிக் கொலை பண்ணுதீங்களே, அந்த மனுசன் கேட்டுக்கிட்டுல்லா இருக்காரு” என்று திட்டிக்கொண்டே போவாள். ஆனால் அவள் வீட்டுத் துணியும் அந்தக் கொடியில்தான் காய்ந்தது.

விஷயம் இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் கூடை சாப்பாட்டோடு அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. மீராள் மாமி பதறிப்போய் தூண்டில் வளைவின் நுனிக்குப் போய்க் கையைக் குவித்துக் கூப்பிட்டாள்.

“ஓ சுக்கூர் காக்கா! மேலுக்கு என்ன செய்யுது? ஏன் சாப்பிடல?”

அவர் தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று தெருவிலும் பொறுக்கிச் சேர்த்த தமிழில் சொன்னார். “மக கல்யாணம், மாமி. மூணு வாட்டி தள்ளி வச்சாச்சு. மாப்பிள்ளை வீடு சொல்லுது, நோம்புக்கு முன்ன இல்லைன்னா வேற பொண்ணு பாக்கோம்.”

“நீங்க போன்ல சம்மதம் சொன்னா அங்க உள்ள ஆலிம்சா முடிச்சு வப்பாங்களே?”

“முடிக்கலாம். மக வுலான் மாட்டேங்குது. வாப்பா வரணும், வாப்பாதான் கையைப் பிடிச்சுக் குடுக்கணும், இல்லைன்னா கல்யாணமே வேணாம்னு சொல்லுது.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார், கண் காணாமல் போனது, ஆனால் கன்னத்தில் தண்ணீர் வழிந்ததை மாமி பார்த்தாள்.

மீராள் மாமி திரும்பி வந்த வேகத்தில் அவள் செருப்பு ஒன்று கல்லுக்கிடையில் போய்விட்டது, அவள் அதை எடுக்கவில்லை. வாப்பா இல்லாமல் ஒரு குமரு கல்யாணம் ஆகாமல் நிற்கிறது, நாம் அவரைக் கொடியில் கட்டி வைத்துக்கொண்டு பிரியாணி அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று மூன்று தெருவிலும் நின்று கத்தினாள். அன்று சாயங்காலம் ஏலக்கூடத்தில் எல்லோரும் கூடினோம். இரும்புவடம் அறுந்துபோகும், பாட்டு அறுகாது. அடுத்த பௌர்ணமிக்குக் கடல் நன்றாக ஏறும். அன்றைக்கு ஊரே தூண்டில் வளைவில் வரிசையாக நின்று பாட்டைப் பிடித்து இழுத்தால் மெலாத்தியை ஆழத்தில் இறக்கிவிடலாம், இழுவைக் கப்பல் அங்கே காத்திருந்து கூட்டிக்கொண்டு போய்விடும். எல்லோரும் சரி என்றோம். அப்போது தொம்மை எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

“வள்ளத்தைக் கரை ஏத்தும்போது ஏலேலோ போடுதோம்லா? அது ஒரே குரலா இல்லைன்னா கை சேராது. நம்ம ஊரு பாடுத லச்சணத்துல எப்படி இழுப்போம்?”

எல்லோரும் ஒரே சமயத்தில் பிரகாசி டீச்சரைத் திரும்பிப் பார்த்தோம். இது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தலைமுறை தலைமுறையாக வள்ளம் இழுத்தவர்கள், கை சேர வேண்டுமென்றால் குரல் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் எங்களால் யோசிக்க முடியவில்லை.

டீச்சர் மறுக்கவில்லை. இத்தனை வருஷம் கோவிலுக்குள் நாற்பது பேரை நிமிர்த்தியவளுக்கு ஊரையே நிமிர்த்துகிற வாய்ப்பு வந்திருக்கிறது, முகம் சிவந்து போயிருந்தது. கோவில் மண்டபத்தில் கீபோர்டை வைத்து, தெருவாரியாக உட்காரவைத்துப் பழக்கினாள். பள்ளிவாசல் தெருப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார்கள், பூசாரி வந்து உட்கார்ந்தார், மீன் ஏலம் விடுகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். “மாமி, சுழிக்காதீங்க. நேரா வாங்க. நேரா.” “காளியக்கா, எல்லாரும் முடிச்சாச்சு, நீங்க இன்னும் எங்க நிக்கீங்க?” “தொம்மையண்ணே, மூக்கை மூடிக்கிட்டுப் பாடும்.” அடிஸ்கேல் மேசையில் விழுந்துகொண்டே இருந்தது. மீராள் மாமி பாவம், தன் சுழிப்பை விழுங்கி விழுங்கித் தொண்டை கட்டிக்கொண்டாள். ஆனால் யாரும் முறைக்கவில்லை, சுகார்ஜோவின் மகளுக்காக எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தோம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் உச்சிப்பொழுதில் கடல் ஏறி நின்றது, ஒத்திகையாக அன்றைக்கே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுவோம் என்று போனோம். தூண்டில் வளைவில் ஆண்களும் பெண்களுமாக ஊரே வரிசையாக நின்று பாட்டைக் கையில் பிடித்தது. டீச்சர் ஒரு பாறைமேல் ஏறிக் கையை உயர்த்தினாள். பாடினோம். கடவுள் சத்தியமாக, அப்படி ஒரு அழகை நத்தைத்துறை அதற்குமுன் கேட்டதில்லை. ஒரு பிசிறு இல்லை, ஒரு இழுப்பு இல்லை, ஆயிரம் வாயில் ஒரே குரல். எங்கள் குரலைக் கேட்டு எங்களுக்கே மயிர்க்கூச்செறிந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், அதனால் எங்கள் கைக்குள் தேர்வடம் கயிறாகி, கயிறு சணலாகி, சணல் நூலாகிக்கொண்டு வந்ததை அவள் பார்க்கவில்லை. இழு என்று அவள் கையை இறக்கினாள். இழுத்தோம். நடுவில் பட்டென்று அறுந்து, ஊரே மல்லாக்க விழுந்தது.

பாறையில் விழுந்து பலருக்கும் அடி. பூசாரிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மெலாத்தி இம்மியும் அசையவில்லை. சுகார்ஜோ முன்தளத்தில் அறுந்த நூலின் மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

யாரும் யாரையும் திட்டவில்லை, அதுவே பெரிய துக்கமாக இருந்தது. எழுந்து, தூசி தட்டி, ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனோம். மீராள் மாமி கரையில் உட்கார்ந்து செருப்பில்லாத காலை நீட்டிக்கொண்டு, மகனுக்குக் காய்ச்சல் வந்தால் பாடுகிற குரலில் அந்தப் பாட்டைத் தனக்குத்தானே பாடினாள், விழுங்கிய சுழிப்பெல்லாம் ஒன்றுக்குப் பத்தாக வெளியே வந்தது. உச்சிமாகாளி காயாத கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே எப்போதும்போல எல்லோருக்கும் பின்னால் பாடினாள். தொம்மை கடையைத் திறந்துகொண்டே மூக்கால் பாடினார். இங்கொன்றும் அங்கொன்றுமாக, யாரும் யாரையும் கவனிக்காமல், மனசு ஆறுவதற்காக ஊரே முணுமுணுத்தது. டீச்சர் மட்டும் பாறைமேலேயே நின்றுகொண்டிருந்தாள். அறுந்த இரண்டு நூலும் காற்றில் நெளிந்து ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டதை அவள்தான் பார்த்தாள். மாமியின் குரல் சுழியும் இடத்தில் ஒரு இழை சுற்றிக்கொண்டது, காளியின் குரல் பிந்தும் இடத்தில் இன்னொன்று வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது, தொம்மையின் இழை தேங்காய் நார்போலச் சிலிர்த்துக்கொண்டு நடுவில் நுழைந்தது. ஒன்றுக்கொன்று விலகியும் ஒட்டியும் போனதால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அவள் தொட்டுப் பார்த்தபோது அது அவள் தொடையளவு இருந்தது.

அவளுக்கு வந்தது கோபம்தான். வேகமாக இறங்கித் தன் குழுப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, பாடுங்க என்றாள். அவர்கள் நேராகப் பாடினார்கள், கையில் நூல். “இஷ்டத்துக்குப் பாடுங்க” என்றாள். நாலு பேரும் பயந்துகொண்டே பழைய புலம்பல் இழுப்பில் இழுத்தார்கள், கையில் கயிறு. மறுபடி நேராக, மறுபடி இஷ்டத்துக்கு. பார்த்துப் பார்த்து அவள் முகம் தொங்கிவிட்டது. அடிஸ்கேலை இடுப்பில் செருகிக்கொண்டு மீராள் மாமியின் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தாள்.

“மாமி, தப்பு எம்மேலதான். ஒரே மாதிரி இருந்தா இழை ஒண்ணோட ஒண்ணு முறுக்காது. நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்குப் பாடட்டும். யாரும் என்னைப் பாக்க வேண்டாம்.”

“அப்பம் இழுக்க கை எப்படிச் சேரும் டீச்சர்?”

டீச்சர் கொஞ்ச நேரம் கரையில் முணுமுணுக்கிற குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “கேட்டீங்களா? வழியிலதான் ஆளுக்கொரு பக்கம் போறாவ. கடைசிச் சுரத்துக்கு எல்லாரும் வந்துருதாவ, காளியக்கா உட்பட. அங்க இழுப்போம்.”

மறுநாள் உச்சியில் கடல் ஏறி நின்றபோது, ஊர் மறுபடி தூண்டில் வளைவில் நின்றது, இடுப்பில் துணி கட்டிக்கொண்டு பூசாரியும் நின்றார். அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருந்தால் நோன்பு வந்துவிடும், வுலானின் கல்யாணம் போய்விடும், அது எல்லோருக்கும் தெரியும். நுனிக்கு அப்பால் ஆழத்தில் இழுவைக் கப்பல் நின்றது. சுகார்ஜோ பாட்டின் முனையை முன்தளத்து இரும்புக் குற்றியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, தன் பெரிய சமையல் சட்டியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். அவர் ஊரில் பாட்டு ஒரு சுற்று முடிந்தால் பெரிய வெண்கல மணி அடிப்பார்களாம், அது இல்லாததற்கு இது.

யார் ஆரம்பித்தது என்று தெரியாது. பாட்டு கிளம்பியது. ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள், ஒருவர் ஒரே சுரத்தில் நின்று ஊதலைப்போல இழுத்தார், ஒருவர் படி ஏறுகிற மாதிரி ஒவ்வொன்றாக மிதித்துப் போனார், பள்ளிவாசல் தெரு சுழித்தது, கோயில் தெரு குலவையோடு குதித்தது, எல்லாம் சேர்ந்து சந்தைக்கடை மாதிரி இரைந்தது, ஆனால் கடைசிச் சுரம் நெருங்க நெருங்க ஒவ்வொருவராக வீட்டுக்கு வருவதுபோல வந்து சேர்ந்தார்கள், உச்சிமாகாளியும் வந்து சேர்ந்தாள், சட்டி ணங் என்றது, இழுத்தோம். கையில் கயிறு உறுமியது. மெலாத்தி முனகியது. மறுபடி கிளம்பினோம், மறுபடி வந்து சேர்ந்தோம், ணங், இழுத்தோம். கப்பலின் வயிறு மணலில் தேய்ந்து நகர்ந்தது. குழந்தைகள் கூச்சல் போட்டன. இப்படியே சுற்றுக்குச் சுற்று நகர்ந்து, ஆழத்துக்கு இன்னும் ஒரு வள்ளத்து நீளம் இருக்கும்போது நின்றுவிட்டது. இழுத்தோம், நகரவில்லை. மறுபடி இழுத்தோம், நகரவில்லை. கடல் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள்.

டீச்சரும் வரிசையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தாள், வாயை இறுக மூடிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் நின்ற உச்சிமாகாளி அதைக் கவனித்துவிட்டாள்.

“டீச்சர், நீங்களும் பாடுங்களேன்!”

“எனக்கு நேராப் பாடத்தான் வரும்க்கா. எங் குரல்ல இழை இல்ல.”

“இருக்கோ இல்லையோ, வாயைத் தொறங்க முதல்ல! அந்தப் பிள்ள அங்க காத்துக் கெடக்கு!”

டீச்சர் வாயைத் திறந்தாள். வந்தது கீபோர்டு மாதிரி நேரான குரல்தான், கயிற்றில் ஒன்றும் கூடவில்லை. சட்டி ணங் என்றது, இழுத்தாள். மறுபடி பாடினாள். கால் பாறையில் வழுக்கியது, மூச்சு வாங்கியது, மேல் சுரத்துக்குப் போகும்போது மூச்சு போதாமல் குரல் உடைந்து, எட்ட வேண்டிய இடத்தை எட்டாமல் சரிந்து, சரிந்த இடத்திலிருந்து கெஞ்சுகிறமாதிரி மெல்ல ஏறிப் போனது. அப்படி ஒரு குரலை அவளிடம் நாங்கள் கேட்டதே இல்லை, அவளும் கேட்டதில்லை. வெட்கத்தில் நிறுத்தப் போனாள். அதற்குள் அவள் உள்ளங்கைக்குள் புதிதாக ஓர் இழை ஊர்ந்து வந்து, கயிற்றின்மேல் சரிந்து சரிந்து சுற்றிக்கொண்டு போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பாடினாள். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்குச் சொந்தமாக ஒரு குரல் கிடைத்தது. சந்தோஷத்தில் அவள் அழுதாள், அழுததால் குரல் இன்னும் சரிந்தது, இழை இன்னும் தடித்தது. ணங். மெலாத்தி ஒரு குலுக்குக் குலுக்கி, மணலை உதறிவிட்டு, மிதந்தது.

பாட்டு நிற்காமலே குலவையும் நாரே தக்பீரும் மரியே வாழ்கவும் ஒன்றாகக் கிளம்பின. அந்த ஆரவாரத்தில் அடுத்த ஆபத்தை நாங்கள் பார்க்கவில்லை. இழுவைக் கப்பல் தன் வடத்தை வீசிவிட்டது, ஆனால் எங்கள் பாட்டு மெலாத்தியை விடவில்லை; இழுத்த இழுப்பில் முடிச்சு குற்றியில் நெரிந்து இறுகிப்போய், சுகார்ஜோவால் அவிழ்க்க முடியவில்லை, கத்தி அதற்குள் காற்றில் போவதுபோலப் போனது. இறங்குகிற தண்ணீர் கப்பலைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. விடுங்க, விடுங்க என்று அவர் கையை ஆட்டினார். நாங்கள் கையை விட்டோம், கயிறு எங்களை விடவில்லை, அது பாறையைச் சுற்றிக்கொண்டு நின்றது.

“பாட்டை நிறுத்துங்க!” என்று மீராள் மாமி அலறினாள்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. யார் வாயிலாவது இருக்கும்வரை அது இருக்கும். எல்லோரும் நிறுத்தினால் போய்விடும், போனால் திரும்பி வருமா என்று யாருக்குத் தெரியும்? ஒரு நொடிதான் தயங்கினோம், அந்த நொடி எங்களுக்கு நிஜமாகவே வலித்தது. பிறகு ஒவ்வொருவராக வாயை மூடினோம். ஊருக்குள் செல்போனில் சொல்லி, மாவாட்டுகிறவர்களையும் நிறுத்தச் சொன்னோம். கயிறு மெலிந்து மெலிந்து, கடைசியில் ஒரே ஓர் இழை மட்டும் சரிந்து சரிந்து கப்பலுக்கும் கரைக்கும் நடுவே நின்றது.

பிரகாசி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

யாரும் அவளைத் தொடவில்லை, யாருக்கும் மனசு வரவில்லை. பாறைக்கும் கப்பலுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. சுற்றிலும் இருந்த அமைதி உறுத்தியோ என்னவோ, அவள் கண்ணைத் திறந்தாள். ஊர் மொத்தமும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள், கப்பலில் நிற்கிற மனுஷனைப் பார்த்தாள். அப்போதுதான் வந்த குரல் அது. கடைசிச் சுரத்துக்கு இன்னும் நாலடி இருந்தது. அவள் அங்கே போகவில்லை. நடுவழியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

இழை போய்விட்டது. சுகார்ஜோவின் கையில் ஒன்றுமில்லை. இழுவைக் கப்பலின் வடம் விரைத்தது, மெலாத்தியின் மூக்கு பாறையை விட்டுத் திரும்பி ஆழத்தைப் பார்த்தது. அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, கப்பல் சின்னதாகிக் கண்ணுக்கு மறையும்வரை அப்படியே நின்றார். மீராள் மாமி டீச்சரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். “அழாதீங்க மாமி,” என்றாள் டீச்சர், அவள் முதுகைத் தட்டிக்கொண்டே. “பிள்ளைக்கு வாப்பா கெடச்சிட்டாருல்லா.”

அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது, கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. துணி காயப்போட நைலான் கயிறு வாங்கிக் கட்டினோம். கோவிலில் முதல் ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வாயைத் திறந்தபோது வருகைப் பாடலின் முதல் வரியே சரிந்துகொண்டு போனது, பீடத்தில் சாமியார் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார், குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவரவருக்கு வந்த வழியில் பின்னால் போனார்கள். யாரும் போட்டிக்குப் போவதாக இல்லை.

நோன்புக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, மீராள் மாமி போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள், பின்னாலேயே பள்ளிவாசல் தெரு வந்தது, உச்சிமாகாளி வந்தாள், சோப்பு நுரையோடு பாதி முகம் வழித்த ஆளைக் கூட்டிக்கொண்டு தொம்மை வந்தார். மாமி போனை மேசையில் வைத்தாள். கூட்டத்தின் இரைச்சல் கேட்டது, பிறகு அடங்கியது. சுகார்ஜோவின் குரல் ஏதோ சொல்ல ஆரம்பித்தது, எங்களுக்கு அதில் வுலான் என்ற பேர் மட்டும் புரிந்தது. நடுவில் அவர் குரல் உடைந்து நின்றுவிட்டது. யாரோ மெல்ல எடுத்துக் கொடுத்தார்கள். அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தார். ஓர் இளைஞன் குரல் பதில் சொன்னது. அங்கே எல்லோரும் ஒன்றாக என்னவோ சொன்னார்கள்.

கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு அவர் போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

“மாமி, டீச்சர், எல்லாரும் இருக்கீங்களா? கையைப் பிடிச்சுக் குடுத்துட்டேன்.”

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம், மாஷா அல்லாஹ் என்று மாமி, நல்லா இருக்கட்டும் என்று காளி, மாதா காப்பாத்துவா என்று இன்னும் யாரோ, ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி, டீச்சர் அழுதுகொண்டே என்ன சொன்னாள் என்று பக்கத்தில் இருந்த எங்களுக்கே விளங்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவர் சிரிப்பது கேட்டது.